சுமைகூலி

சுண்டைக்காய் கால் பணம்,
சுமைகூலி முக்கால் பணம்.
சுண்டைக்காய் காய்க்காத சஸ்காச்செவானில்
டோரீன் கோவல்சுக்குக்கு அந்தக் கணக்கு
ஒரு செவ்வாய்க்கிழமை பிற்பகல் புரிந்தது.

பிராண்டன் ஏலத்தில் கையைத் தூக்கியபோது
சிவப்பு மட்டும்தான் கண்ணில் நின்றது.
வெயில் தின்றதுபோக மிஞ்சிய
ஏழு டன் சிவப்பு.
பதினெட்டாயிரம் டாலர். சுத்தியல் விழுந்தது.
டிராக்டர் அவளுடையது.
அதற்கும் வீட்டுக்கும் நடுவிலிருந்த
அறுநூறு கிலோமீட்டர் யாருடையதும் இல்லை.

முதல் கம்பெனி
நாலாயிரத்து இருநூறு என்றது, வரி தனி.
போனைக் காதிலிருந்து எடுத்து
ஒருமுறை பார்த்துவிட்டு
மறுபடி வைத்துக்கொண்டாள்.

இரண்டாமவன் ஆயிரத்து நூறு.
"காப்பீட்டுத் தாள் அனுப்புவீர்களா?"
"பத்து வருஷமாய் ஓட்டுகிறேன், ஒன்றும் விழுந்ததில்லை."
"விழுந்தால்?"
"விழாது."
அவன் பின்னால் ரேடியோவில்
யாரோ கோல் போட்டார்கள்.
போனை வைத்துவிட்டாள்.

மைத்துனனின் டிரெய்லர் இலவசம்.
தரைப்பலகையில் ஸ்குரூ டிரைவரை அழுத்தினாள்.
கேக்கில் இறங்குவதுபோல் இறங்கியது.
உருவித் துடைத்து
அவன் கையிலேயே கொடுத்தாள்.

விதைப்புக்குப் பதினொரு நாள்.
வெள்ளிக்குப் பிறகு ஏல மைதானத்தில்
நாள் வாடகை இருபத்தைந்து.
தூங்காமல் கிடந்து
கூட்டிப் பார்த்தாள், கழித்துப் பார்த்தாள்.
கூரைக்கு மேலே காற்றும்
ஏதோ கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது.

கொர்னேலியஸ் ஃப்ரீசன் விலை சொல்லவில்லை.
கேட்டான்:
எடை எவ்வளவு?
உயரம் புகைக்குழாயோடா, இல்லாமலா?
பின்சக்கரம் ஒற்றையா, ஜோடியா?
பிரேக் பிடிக்குமா?
தானே ஏறுமா, இழுத்து ஏற்றணுமா?
பாதிக்குப் பதில் தெரியவில்லை.
பதினெட்டாயிரம் கொடுத்து
ஒரு நிறத்தை வாங்கியிருக்கிறோம் என்று
காது சுட்டது.

மைதானத்துப் பையன் டேப்போடு மேலே ஏறினான்.
"மூன்று மீட்டர் பத்து, மேடம்.
குழாய்மேல் ஒரு குருவி உட்கார்ந்திருக்கிறது,
அதையும் சேர்க்கணுமா?"

பிறகுதான் ஃப்ரீசன் சொன்னான்:
"வின்னிபெக்கில் ஒரு ரோடு ரோலரை இறக்கிவிட்டு
வெள்ளிக்கிழமை வெறும் வண்டியாய்த் திரும்புகிறேன்.
வெறும் வண்டிக்கும் டீசல் குடிக்கத் தெரியும்.
ஆயிரத்து அறுநூறு கொடுங்கள்."
பேசி முடிப்பதற்குள் தாள் வந்தது,
அவள் பெயரில் ஓர் எழுத்துப் பிழையோடு.
பிழை திருத்தி இன்னொரு தாள் வந்தது.

மூலைக்கொன்றாய் நாலு சங்கிலி,
முன்வாளிக்கு ஒன்று.
விர்டன் தாண்டும் முன்பே நிறுத்தி
ஒவ்வொன்றையும் இழுத்துப் பார்த்தானாம்.
"முதல் ஒரு மணி நேரம்
சங்கிலி பொய் சொல்லும்" என்றான்,
இரவு ஒன்பது நாற்பதுக்கு,
அவள் வாசலில், கையுறையைக் கழற்றியபடி.

புகைக்குழாயின் வாயில்
ஒரு பீச் பழ டப்பா கவிழ்ந்திருந்தது,
சுற்றிலும் சாம்பல்நிற டேப்.
"குருவிக்காகவா?"
"காற்றுக்காக.
உள்ளே புகுந்தால் டர்போ சுழலும்.
என்ஜின் ஓடாதபோது அதற்கு எண்ணெய் வராது.
அறுநூறு கிலோமீட்டர் வறட்டுச் சுழற்சி.
கடைசியில் நான் இறக்குவது
டிராக்டராய் இருக்காது, பழைய இரும்பாய் இருக்கும்."

அவள் இதைக் கேட்டிருக்கவில்லை.
கேட்கத் தெரிந்திருக்கவும் இல்லை.
விலைக்குள்ளும் இது இல்லை.

சிவப்பு தானே இறங்கியது.
டிரெய்லர் ஒரு சாண் நிமிர்ந்தது.
காபி வேண்டாமென்று
பின்விளக்கு இரண்டும் மேற்கே போயின.

கணக்கு நோட்டில்
சுமைகூலி என்று தனி வரி போடவில்லை.
டிராக்டர்: பத்தொன்பதாயிரத்து அறுநூறு.
விளக்கை அணைத்துப் படுத்த பிறகு
டப்பா நினைவுக்கு வந்தது.

இரவுச் சட்டைக்குக் கீழே பூட்ஸ்,
பல்லிடுக்கில் டார்ச்.
ஏறி, நகத்தால் டேப்பைக் கிளப்பி,
சுற்றுச் சுற்றாய் உரித்தெடுத்தாள்.
கழுவாத டப்பா.
உள்ளே இன்னும்
சர்க்கரைப்பாகு வாசனை.